வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் புலமைப்பரிசிலும்: யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிப்பவர் எங்கே தொடங்குவது?

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் படிப்பென்ற பேச்சு எழும்போதே நாடு முடிவாகிவிடும். மாமா ரொறன்ரோவில் என்றால் கனடா, சித்தி லண்டனில் என்றால் லண்டன். அதன் பிறகுதான் கற்கைநெறி. காசைப் பற்றி யோசிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றிப்போட வேண்டும். படிப்புக்கான காசு யாருடையது, அது யாருடைய கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கை ஏற்கும் நாடு எது என்பதை முதலில் பார்த்துவிட்டால், போகக்கூடிய நாடுகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

புலமைப்பரிசில் எந்தக் கட்டத்தில் கிடைக்கும்

முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில்களில் பெரும்பகுதி முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கானவை. உயர்தரம் முடித்த கையோடு தேடுபவர் நம்பி முயலக்கூடியவை குறைவு. அவற்றில் முதலாவது இந்திய அரசினுடையது. இளமாணிப் பட்டத்துக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் என மூன்று திட்டங்கள் இலங்கையருக்கென்றே உள்ளன. கற்கைக் கட்டணம், மாதாந்தப் படி, தங்குமிடப் படி ஆகியவை இவற்றில் அடங்கும். மருத்துவம் அடங்காது. தெரிவை இலங்கைக் கல்வி அமைச்சு செய்கிறது. ஆகவே இந்தியத் தூதரகத்தின் அறிவித்தலோடு அமைச்சின் இணையத்தளத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விசா தொடர்பான கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இயங்கும் இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது. பொறியியலுக்கு விண்ணப்பிப்பவர் உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் மூன்றும் செய்திருக்க வேண்டும். உயிரியல் பிரிவு மாணவர் இதைக் கவனியாமல் படிவத்தை நிரப்பினால் அத்தனை வேலையும் வீண்.

மற்றது ஜப்பானிய அரசின் 'மெக்ஸ்ட்' புலமைப்பரிசில். கொழும்பிலுள்ள தூதரகம் எழுத்துப் பரீட்சை வைத்தே ஆட்களைத் தெரிவுசெய்யும். தெரிவானவர்கள் இளமாணிப் படிப்புக்கு முன் ஓராண்டு ஜப்பானிய மொழி படிக்க வேண்டும்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டு, கடன் எடுத்து வெளிநாட்டில் இளமாணி படிக்கப் போவது பெரும்பாலான குடும்பங்களுக்கு நட்டக் கணக்கு. இங்கே கட்டணமின்றிப் பட்டத்தை முடித்து, முதுமாணிக்குப் புலமைப்பரிசிலோடு போவதுதான் மலிவான வழி. அந்தக் கட்டத்தில் தெரிவுகளும் விரிகின்றன.

பிரித்தானியாவின் செவனிங் ஓராண்டு முதுமாணிக்கானது. ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் முற்பகுதியில் மூடும். 2,800 மணித்தியால வேலை அனுபவம் காட்ட வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு குறைந்தது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு தேவை. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் மாதம் 1,400 யூரோ தருகிறது. அதற்குப் பொதுவான ஒரு விண்ணப்பம் கிடையாது. விரும்பும் கற்கைநெறிக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலானவை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் மூடிவிடும். ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டாட் (DAAD) அபிவிருத்தி சார்ந்த முதுமாணிகளுக்குத் தரும் உதவிக்கு, பட்டத்துக்குப் பின் இரண்டாண்டு தொழில் அனுபவம் வேண்டும்; பட்டம் பெற்று ஆறாண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. பட்டம் முடித்து வேலைக்காகக் காத்திருந்தே ஐந்தாண்டு போக்கிவிடுபவர்கள் இந்தக் கடைசி நிபந்தனையைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அரச சேவையில் இருப்பவர் என்றால், ஆசிரியரோ அபிவிருத்தி உத்தியோகத்தரோ, கற்கை விடுமுறைக்கான அனுமதியைத் தனியாக எடுக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தமும் பிணையாளிகளும் கேட்பார்கள். அனுமதிக் கடிதம் மேசை மேசையாகப் போய்த் திரும்ப மாதக்கணக்காகும்.

'20 வீதப் புலமைப்பரிசில்' என்று ஏஜென்சிகள் விளம்பரப்படுத்துவது பெரும்பாலும் கட்டணக் கழிவுதான். 18,000 பவுண் கட்டணத்தில் 3,000 கழித்துத் தரும் இடத்தைவிட, கழிவே இல்லாமல் 14,000 வாங்கும் பல்கலைக்கழகம் மலிவு. கழிவை விட்டுவிட்டு, கடைசியில் கட்டவேண்டிய தொகையை ஒப்பிடுங்கள். புலமைப்பரிசில் தருகிறோம், அதற்கு முதலில் 'செயலாக்கக் கட்டணம்' அனுப்புங்கள் என்று தனியாள் கணக்கிலக்கம் தருபவருடன் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

பெயர் ஒன்றாக இருக்கிறதா

கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, ஆங்கிலத்தில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் பெயர்களில் பிசகுவது சில இடங்களில்தான். 'தர்' என்று தொடங்கும் பெயர் ஓரிடத்தில் 'டி' எழுத்திலும் இன்னோரிடத்தில் 'டி-எச்' எழுத்துகளிலும் தொடங்கியிருக்கும். பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும், கடவுச்சீட்டில் முழுதாக விரிந்திருக்கும். வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும்போது ஒருவர் தகப்பன் பெயரையும், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு தடவையும் எழுதுவார்.

இதற்குத் தீர்வு எளிது, நேரம்தான் பிடிக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாப் படிவங்களையும் நிரப்புங்கள். ஆங்கில மொழிப் பரீட்சைப் பதிவும் அப்படியே இருக்க வேண்டும். மற்ற ஆவணங்களில் வேறுபாடு இருந்தால், இன்ன பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, அதன் ஆங்கிலப் பிரதியை இணையுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் சத்தியக்கடதாசியோடு நிற்காமல் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டே இல்லாதவருக்கு இப்போது கொழும்புப் பயணம் மிச்சம்: 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலக வளாகத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது.

தமிழில் உள்ள ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் காதுக்குப் பட்டபடி எழுத்துக்கூட்ட, சமாளிக்கவேண்டிய பெயர் இன்னொன்று கூடிவிடும். உயர்தரப் பெறுபேற்றை மொழிபெயர்க்கத் தேவையில்லை. பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியாக விண்ணப்பித்தால் ஆங்கிலத்திலேயே சான்றிதழ் தருவார்கள். வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சிக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் பல்கலைக்கழகமோ தூதரகமோ கேட்டால் மட்டும் செய்யுங்கள். கேட்காத இடத்துக்கு எல்லாக் காகிதத்திலும் முத்திரை குத்திக்கொண்டு போவது வீண் அலைச்சல்.

பெறுபேறும் பட்டமும்

இசட் புள்ளி, மாவட்ட நிலை இரண்டும் வெளிநாட்டுச் சேர்க்கை அலுவலருக்குப் புரியாதவை. மூன்று பாடப் பெறுபேறுகளைத்தான் அவர் பார்ப்பார். 75 புள்ளியிலிருந்து ஏ, 65இலிருந்து பி என்ற அளவை ஒரு வரியில் எழுதிவைத்தால் போதும். உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்பதும் அங்கே தெரியாது. 'செக்கண்ட் சை', 'தேர்ட் சை' எழுதியவரின் விண்ணப்பத்தில் இரண்டு வருடம் வெறுமையாகத் தெரியும். வெறுமையாக விட்டால் அந்த அலுவலர் தன் பாட்டில் ஏதாவது ஊகிப்பார். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்காக மீண்டும் தோற்றுவது வழமை, இன்ன ஆண்டில் இன்ன பெறுபேறு என்று நேரடியாக எழுதிவிடுங்கள்.

பட்டதாரிகளுக்கு வேறொரு தடை இருக்கிறது. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மூன்றாண்டுப் பட்டம் செல்லும், அங்கே இளமாணியே மூன்றாண்டுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதுமாணிக்குப் பெரும்பாலும் நான்காண்டு கேட்பார்கள். பொதுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் அந்த நாடுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன், தன் பட்டத்தின் கால அளவையும் மொத்தத் திறமைப் புள்ளிகளையும் ('கிரெடிட்') எழுதி, இது செல்லுமா என்று துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும்.

மருத்துவம் படிக்கப் போகிறவர் பார்க்கவேண்டிய முதல் இணையத்தளம் இலங்கை மருத்துவச் சபையினுடையது. அந்தப் பல்கலைக்கழகம் சபையின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாவிட்டாலோ, சபை வைத்திருக்கும் ஆகக்குறைந்த உயர்தரத் தகைமை உங்களிடம் இல்லாவிட்டாலோ, பட்டத்தோடு திரும்பி வந்தாலும் இங்கே பதிய முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும் பதிவுக்கு முன் தகுதிப் பரீட்சை ஒன்று இருக்கிறது. இதை ஏஜென்சிக்காரரிடம் கேட்காதீர்கள், சபையிடமே கேளுங்கள்.

ஆங்கிலம்

ஐ.ஈ.எல்.டி.எஸ் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். முதுமாணிக்கு வழமையாகக் கேட்பது மொத்தம் 6.5, எந்தப் பகுதியும் 6.0க்குக் கீழே போகக்கூடாது. சறுக்குவது மொத்தத்தில் அல்ல, எழுத்துப் பகுதியில். மொத்தம் 7 எடுத்தும் எழுத்தில் 5.5 என்றால் அனுமதி நிற்கும். கணினிவழிப் பரீட்சை எழுதியவர் 60 நாட்களுக்குள் ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை ஏற்பதில்லை, கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

ஆங்கில மொழிமூலம் பட்டம் படித்தவர் பதிவாளரிடம் கற்பித்தல் மொழிக் கடிதம் வாங்கினால் சில பல்கலைக்கழகங்கள் பரீட்சையை விலக்கும். விஞ்ஞானம், பொறியியல் படித்தவருக்கு இது உதவும். தமிழ்மொழிமூலம் கலைப் பட்டம் படித்தவர் பரீட்சைக்கே தயாராக வேண்டும்.

காசு: எந்தக் கணக்கில், எத்தனை நாள்

பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காசு உங்கள் கணக்கில் அல்லது தாய் தகப்பன் கணக்கில் இருக்க வேண்டும். லண்டன் சித்தியின் கணக்கு செல்லாது. அவர் எவ்வளவு உழைத்தாலும், கடிதம் எழுதித் தந்தாலும் செல்லாது. அவர் உதவுவதென்றால் காசு உங்கள் கணக்குக்கோ பெற்றோர் கணக்குக்கோ வந்து, தொடர்ச்சியாக 28 நாள் கிடக்க வேண்டும். கட்டணத்தின் மீதியோடு வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டியது, 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண், வெளியே 1,171 பவுண், கூடியது ஒன்பது மாதத்துக்கு.

கணக்குப் பார்ப்போம். லண்டனுக்கு வெளியே ஓராண்டு முதுமாணி, கட்டணம் 16,000 பவுண், முற்பணமாக 4,000 கட்டியாயிற்று. மீதி 12,000. ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு 10,539. ஆக 22,539 பவுண். 28 நாளில் ஒரு நாள் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினாலும் நிராகரிக்கலாம். ரூபாயில் வைத்திருப்பவர் நாணய மாற்று ஏறி இறங்குவதற்காகக் குறைந்தது பத்து வீதம் கூட வைத்திருக்க வேண்டும். வங்கிக் கூற்றின் கடைசித் திகதிக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகக்கூடாது. பெற்றோர் கணக்கென்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும் சேர வேண்டும். காணி மதிப்பீட்டு அறிக்கை, நகை விபரம் இரண்டுக்கும் இங்கே பெறுமதியில்லை. அடகு வைத்து எடுத்த காசு கணக்கில் விழுந்த பிறகுதான் அது காசு. இவற்றோடு ஆண்டுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணமும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் உண்டு.

கனடா வேறு மாதிரி. முதலாண்டுக் கட்டணத்துக்கு மேலதிகமாக, 2025 செப்டெம்பர் 1 முதல், கியூபெக் தவிர்ந்த இடங்களுக்குத் தனியாளுக்கு 22,895 கனடிய டொலர் காட்ட வேண்டும். ரொறன்ரோ மாமா உதவலாம். ஆனால் மாமாதான் என்பதற்கு உறவுமுறையைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள், அவரின் வருமானம், வரி ஆவணம், பல மாத வங்கிக் கூற்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தன் வீட்டுக் கடனே கழுத்தை நெரிக்கும் மாமாவின் கடிதத்தை அலுவலர் நம்பமாட்டார். இளமாணிக்கும் கல்லூரிக் கற்கைகளுக்கும் மாகாண உறுதிக் கடிதம் வேண்டும். அரச நிறுவனங்களில் முதுமாணி, கலாநிதி படிப்பவர்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் அது விலக்கப்பட்டுள்ளது.

ஜேர்மனியில் உறவினர் இருப்பவர்களுக்குப் பலரும் கவனிக்காத வசதி ஒன்று இருக்கிறது. வழமையாக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதாமாதம் ஓரளவு மட்டும் எடுக்கக்கூடிய கணக்கில், போட வேண்டும். அதற்குப் பதிலாக, அங்கே வசிக்கும் உறவினர் தன் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் வருமானத்தைக் காட்டி, உங்கள் செலவுக்குத் தான் பொறுப்பென்று சட்டப்படி எழுதித்தரலாம். பெரும்பாலான மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணமும் இல்லை. ஸ்ருட்காட் இருக்கும் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் விதிவிலக்கு, அங்கே தவணைக்கு 1,500 யூரோ. நோர்வேயில் படிப்பு இலவசம் என்று ஊரில் இன்னமும் சொல்வார்கள். ஐரோப்பியர் அல்லாதவருக்கு அது 2023 இலையுதிர் காலத்தோடு முடிந்துவிட்டது.

எந்த நாடென்றாலும், பத்து நாளுக்கு முன் திடீரென விழுந்த பெருந்தொகை கேள்வியைக் கிளப்பும். மீதி காட்டுவதற்காக வட்டிக்கு வாங்கிப் போட்டு, விசா வந்ததும் எடுத்துத் திருப்பிக் கொடுப்பது இங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. வங்கிக் கூற்று போலியானது என்று கண்டுபிடிக்கப்பட்டால் கனடா ஐந்தாண்டு, பிரித்தானியா பத்தாண்டு தடை போடும். முன்னர் சுற்றுலா விசா மறுக்கப்பட்டதை மறைத்தாலும் அதே கதிதான். மறுப்பை ஒளிக்காமல் எழுதியவருக்குச் சில வேளை விசா கிடைக்கும். ஒளித்தவர் பிடிபட்டால் கிடைக்காது.

கட்டணத்தை வங்கி மூலமே அனுப்புங்கள். அனுமதிக் கடிதத்தையும் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பட்டியலையும் காட்டினால் வங்கி வெளிநாட்டுக்கு மாற்றித் தரும். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பினால் நாணய மாற்றில் நாலு காசு மிஞ்சலாம். ஆனால் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு துண்டும் இராது. விசா மறுக்கப்பட்டால் பல்கலைக்கழகம் காசு வந்த கணக்குக்கேதான் திருப்பியனுப்பும். அந்தக் கணக்கு முன்பின் தெரியாத ஒருவருடையதென்றால் அதை மீட்பது பெரும்பாடு.

நோக்கக் கூற்றும் சிபாரிசுக் கடிதமும்

'சிறுவயதிலிருந்தே எனக்கு இத்துறையில் ஆர்வம்' என்று தொடங்கும் கூற்றுகள் ஏஜென்சியின் கணினியிலிருந்து நூற்றுக்கணக்கில் போகின்றன. ஒரே பந்தி பத்துப் பேரின் விண்ணப்பத்தில் இருந்தால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். கிளிநொச்சி விவசாய பீடத்துப் பட்டதாரி ஒருவர் நீர்வள முதுமாணிக்கு எழுதுகிறார் என்று வையுங்கள். 'விவசாயத்தின் நிலைபேறான வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்' என்பதால் பயனில்லை. 'குடாநாட்டின் குடிநீர் சுண்ணாம்புக்கல் நிலத்தடியிலிருந்து வருகிறது. வெங்காயத் தோட்டங்களில் இடும் உரத்தின் நைத்திரேற்று கிணறுகளில் இறங்குகிறது. இறுதியாண்டில் இன்ன கிராமத்துக் கிணறுகளில் நான் அளந்தது இது. அளவீட்டோடு நின்றுவிட்டேன், நிலத்தடி நீரோட்ட மாதிரியாக்கம் எனக்குத் தெரியாது. உங்கள் இரண்டாம் தவணைப் பாடம் அதைத்தான் கற்பிக்கிறது' என்று எழுதினால் அந்த ஆளை வேறொருவரோடு குழப்ப முடியாது.

பிரித்தானிய இளமாணிக்கு யூகாஸ் (UCAS) எனும் பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிப்பவர் கவனிக்க: 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரை இல்லை. மூன்று கேள்விகள், எல்லாமாக 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. பழைய மாதிரிக் கட்டுரைகளைப் பிரதிபண்ணி ஒட்ட முடியாது.

சிபாரிசுக் கடிதத்துக்கு விரிவுரையாளரிடம் குறைந்தது மூன்று கிழமைக்கு முன் போங்கள். உங்கள் பெறுபேறு, ஆய்வுத் தலைப்பு, கற்கைநெறியின் இணைப்பு, முடிவுத் திகதி நான்கையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். அவர் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும், சொந்த ஜிமெயில் முகவரியைப் பல இடங்கள் ஏற்பதில்லை. 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன்' என்பவரைவிட, உங்கள் பெயர் ஞாபகமிருக்கும் இளைய விரிவுரையாளர் மேல்.

முடிவு நேரம் எங்கள் நேரமல்ல, அந்த நாட்டு நேரம் அல்லது சர்வதேச நேரம். சர்வதேச நேரம் நண்பகல் 12 என்றால் எங்களுக்கு மாலை 5.30. கடைசி நாள் இரவு பதினொன்றுக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்திருப்பவர் மூடிய பக்கத்தைத்தான் பார்ப்பார்.

மறுப்பு வந்தால்

அடுத்த நாளே அதே ஆவணங்களோடு திரும்ப விண்ணப்பிப்பது காசைக் கரைக்கும் வழி. மறுப்புக் கடிதத்தில் எந்த விதியின் கீழ், எந்த ஆவணம் போதாது என்று இருக்கிறதோ அதைத் திருத்தாமல் அசையாதீர்கள். பிரித்தானிய அலுவலர் விதியைப் பிழையாகப் பொருத்தியிருந்தால் 28 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்கலாம். புதிய ஆவணம் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் புது விண்ணப்பம் போடுவதே சரி. பல்கலைக்கழகத்துக்கும் உடனே எழுதி, இடத்தை அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். கனடாவின் மறுப்புக் கடிதம் பொதுவான வரிகளாக இருந்து காரணம் பிடிபடாவிட்டால், அலுவலர் எழுதிவைத்த குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எடுக்கலாம். அந்தக் கோரிக்கையைக் கனடாவில் இருக்கும் ஒருவர்தான் போட வேண்டும், கட்டணம் 5 டொலர், உங்கள் சம்மதப் படிவம் தேவை. விசாவுக்குக் காசு காட்ட முடியாத மாமாவும் இதைச் செய்து தரலாம்.